அவனியாபுரத்து மாடி அறைக்கு ஒரு கம்ப்யூட்டர்: பத்து மாதம் ஓட்டிய பிறகு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மதுரை விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் தெரியும். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டதும் சோற்றுத் தட்டோடு மாடிக்கு ஓடியிருக்கிறேன். இப்போது 38 வயது. பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். கிழக்கு மேற்காகக் கிடக்கும் நம்ம ஊர் ஓடுபாதையின் இரண்டு முனைக்கும் 09, 27 என்று பெயர். 90 டிகிரி, 270 டிகிரி என்ற திசையில் கடைசி சைபரை விட்டால் வருவதுதான் அந்த எண். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும் இதை நான் தெரிந்துகொண்டது அந்த விளையாட்டில்தான்.

அதற்காக 2025 மே மாதம், அழகர் ஆற்றில் இறங்கிய மறுவாரம், சீட்டு எடுத்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தேன். மானிட்டர் இல்லாமல், அசெம்பிள் செய்த கூலியோடு 2,20,000 ரூபாய். எனக்கு இது பெரிய தொகை. இதே அளவு பணத்தோடு யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. 2019-ல் வாங்கிய மெஷினில் கிராபிக்ஸ் கார்டையும் கலர் விளக்கையும் காட்டி விற்ற கடைக்காரர், உள்ளே பெயர் தெரியாத ஒரு பவர் சப்ளையைப் போட்டுவிட்டார். நானும் கேட்கவில்லை. ஒரு மழை நாளில் கரண்ட் மூன்று தடவை விட்டு விட்டு வந்தது. மூன்றாவது தடவை பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை. பவர் சப்ளை தனியாகப் போகவில்லை, மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக்கொண்டு போனது. ஹார்டு டிஸ்க்கில் இரண்டு கல்யாணத்து வீடியோ இருந்தது. ஒரு வீட்டுக்காரர்களிடம் காப்பி இருந்தது. இன்னொரு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அந்தப் பெண்ணின் அப்பா முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் இந்தத் தடவை ஆறு மாதம் விசாரித்துவிட்டுத்தான் போனேன். சிம்மக்கல் பக்கம் ஒரு மாடிக் கடை. பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணனே கேட்டுக்கொண்டார். தனி ஆள், வாரத்துக்கு இரண்டு மெஷின்தான் சேர்ப்பார், கூட்டம் வந்தால் நின்று செய்ய முடியாது என்பது அவர் கணக்கு. நான் எழுதி வைத்திருந்த பட்டியலை நீட்டினேன். அதை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். "என்ன ஓட்டப் போறீங்க தம்பி? ரூமுல ஏசி இருக்கா? வீட்டுல எர்த் எப்படி?" ஏசி இல்லை என்றேன். எர்த் பற்றி எனக்குத் தெரியவில்லை. "அப்ப பட்டியல்ல பாதி மாறும்" என்றார். மாறியது.

பட்டியலில் நான் எழுதியிருந்த ப்ராசசர் இன்டெல் ஐ9 14900கே. முழு வேகத்தில் அது 253 வாட் வரை இழுக்கும். அந்த 253 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ஏசி இல்லாத பத்துக்குப் பன்னிரண்டு மாடி அறை, மேலே நேரடி வெயில் வாங்கும் கான்கிரீட். அண்ணன் காட்டியது ஏ.எம்.டி. ரைசன் 7 9800எக்ஸ்3டி. எட்டு கோர் (கணக்குப் போடும் பகுதி), 120 வாட் ரகம். சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதில் விஷயமே 96 எம்.பி. எல்3 கேஷ்தான், அதாவது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம். சமையல் செய்யும்போது அஞ்சறைப்பெட்டி கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது போல. சின்னப் பெட்டியாக இருந்தால் தாளிக்கிற நேரத்தில் மளிகைக் கடைக்கு ஓட வேண்டும், எண்ணெய் கருகும். விமானம் ஊருக்கு மேலே வரும்போது காட்சி ஒரு நொடி திக்கி நிற்பது பெரும்பாலும் அந்த ஓட்டத்தால்தான். முந்தைய தலைமுறையில் இந்தக் கூடுதல் கேஷ் கோர்களின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. 2024 நவம்பரில் வந்த இதில் அதைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் சூடு தடையில்லாமல் கூலருக்கு ஏறுகிறது. நம்ம ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கிராபிக்ஸ் கார்டில்தான் எனக்கும் அவருக்கும் ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது. எனக்கு ஆர்.டி.எக்ஸ். 5080 மேல் ஆசை. அவர் 5070 டி.ஐ. போதும் என்றார். இரண்டிலும் அதே 16 ஜி.பி. ஜி.டி.டி.ஆர்.7 நினைவகம். அது 360 வாட், இது 300 வாட். விலையில் அன்றைக்கு 35,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஏ.எம்.டி.யின் 9070 எக்ஸ்.டி. இன்னும் குறைந்த விலையில் இருந்தது, அதுவும் 16 ஜி.பி.தான், வெறும் விளையாட்டு மட்டும் என்றால் அதையே எடுத்திருப்பேன். என் எடிட்டிங் மென்பொருள் என்விடியாவில் ஓடப் பழகியது, அதனால் 5070 டி.ஐ., 88,000 ரூபாய். பத்து மாதத்தில் ஒரு நாள்கூட 5080 எடுத்திருக்கலாமே என்று தோன்றவில்லை. மிச்சம் பிடித்த பணம் யூ.பி.எஸ்.ஸுக்கும் எர்த்துக்கும் போனது, அதை அப்புறம் சொல்கிறேன்.

ரேம் 64 ஜி.பி., ஜி.ஸ்கில் ஃப்ளேர் எக்ஸ்5, டி.டி.ஆர்.5 ரகம், வேகம் 6000, தாமதம் சி.எல்.30. சிமுலேட்டரின் 2024 பதிப்புக்கு 32 ஜி.பி. பரிந்துரை, 64 இருந்தால் உத்தமம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். நான்கு 16 ஆக வாங்காமல் இரண்டு 32 ஆக வாங்குங்கள், இந்த ஏ.எம்.5 (இந்த ப்ராசசருக்கான சாக்கெட் ரகம்) போர்டுகளில் நான்கு ரேம் செருகினால் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டி வரும். அன்றைக்கு 19,500 ரூபாய் கொடுத்தேன். இன்று அதே ஜோடிக்குச் சொல்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இப்போது வாங்குகிறவர்கள் 32-ஓடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை.

மதர்போர்டு எம்.எஸ்.ஐ. பி850 டோமஹாக், எஸ்.எஸ்.டி. டபிள்யூ.டி. பிளாக் எஸ்.என்.850எக்ஸ் 2 டி.பி. இரண்டைப் பற்றியும் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, வேலையைச் செய்கின்றன. எக்ஸ்870இ போர்டு வாங்கி பணத்தைக் கொட்ட எனக்குக் காரணம் தெரியவில்லை.

கூலர்தான் நான் எதிர்பாராத இடம். 360 எம்.எம். லிக்விட் கூலர் இல்லாமல் என்ன பெரிய மெஷின் என்று நினைத்திருந்தேன். அண்ணன் தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் எடுத்து வைத்தார். இரண்டு அலுமினியக் கோபுரம், ஆறு செம்புக் குழாய், இரண்டு ஃபேன், 4,000 ரூபாய். "இதுல கெட்டுப்போறதுக்கு ஃபேன் மட்டும்தான் தம்பி. போனா நானூறு, ஐநூறுக்கு வேற மாட்டிக்கலாம். அதுல பம்ப் நின்னா முழுசா தூக்கிப் போடணும்." சரி என்றேன். கேபினெட் லியன் லி லான்கூல் 216. முன்பக்கம் முழுக்க வலை, அதற்குப் பின்னால் 160 எம்.எம். ஃபேன் இரண்டு. மீன் தொட்டி மாதிரி முன்னும் பக்கமும் கண்ணாடி வைத்தது இப்போது எல்லாருக்கும் பிடிக்கிறது, எனக்கும் பார்க்கப் பிடிக்கும், ஆனால் மே மாத மதுரையில் காற்று நேராக உள்ளே போகிற பெட்டிதான் வேண்டும். தூசி வரும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை முன் வலையைக் கழற்றி, பைப்பில் காட்டிக் கழுவி, வெயிலில் காய வைத்து மாட்டுகிறேன்.

அசெம்பிள் செய்தபோது என்னைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துக்கொண்டார். போர்டு டப்பாவைப் பிரித்ததும் முதலில் ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டைத் திறந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தார். இந்த சாக்கெட்டில் 1718 ஊசி, தலைமுடி கனம். "எல்லாம் ஒரே மாதிரி மின்னுதா பாருங்க. எங்கயாச்சும் கறுப்பாப் புள்ளி தெரிஞ்சா ஊசி வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். ப்ராசசர் வச்ச பிறகு கண்டுபிடிச்சா வாரண்டி கிடைக்காது, சண்டைதான்." அறுவடைக்கு நிற்கிற வயல் மாதிரி மொத்தமும் பொன்னாக ஒரே சாய்வில் மின்னியது. பிறகுதான் ப்ராசசர் டப்பாவின் சீலை உடைத்தார்.

கிராபிக்ஸ் கார்டின் கரண்ட் பிளக்கில் அவர் காட்டிய பொறுமையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. 300 வாட்டை 12 வோல்ட்டில் கொடுக்க வேண்டும் என்றால் 25 ஆம்பியர். நம் கட்டை விரல் அளவுகூட இல்லாத பிளக் வழியாக அத்தனையும் போகிறது. சரியாக உட்காராமல் பாதியில் நின்றால் அந்த இடம் சூடேறும்; 2022-ல் 4090 கார்டுகளில் பிளக் உருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. அதற்குப் பிறகு வந்த புது வகை பிளக்கில், முழுக்க உள்ளே போகாவிட்டால் கார்டு கரண்டே எடுக்காதபடி சின்ன ஊசிகளைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். இருந்தாலும் அவர் இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி, க்ளிக் கேட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, என் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோனார். "உங்க நகம் உள்ள போகுதா பாருங்க." போகவில்லை. பிளக்கை ஒட்டி வயர் வளையக்கூடாது என்று மூன்று விரல் தூரம் நேராக விட்டுத்தான் வளைத்தார்.

முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் திரை கறுப்பு. ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் டீ சொல்லி அனுப்பினார். புது போர்டு ரேமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்குமாம், 64 ஜி.பி. என்றால் இன்னும் கூட. டீ வந்து, பாதி குடித்து முடித்தபோது எழுத்து வந்தது. வீட்டில் தனியாகச் செய்கிறவர்கள் அந்த நேரத்தில் பயந்து ஆஃப் செய்துவிடாதீர்கள்.

பவர் சப்ளைக்கு நான் பேரம் பேசவில்லை. 850 வாட், மின்சாரம் அதிகம் வீணாகாத கோல்டு தரம், ஏ.டி.எக்ஸ். 3.1 என்ற புது விதிமுறை, பத்து வருட வாரண்டி, 11,500 ரூபாய். இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்வது 750 வாட். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்கினேன். பெரும்பாலும் இந்தியாவில் பில் போட்ட பொருளுக்குத்தான் இங்கே வாரண்டி பார்ப்பார்கள், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டு வந்ததை மலிவு என்று வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்லியிருந்தார். வந்தவர் மீட்டரை நியூட்ரலிலும் எர்த்திலும் வைத்தார். இரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 18 காட்டியது. "அண்ணே, உங்க வீட்டுல எர்த் பேருக்குத்தான் இருக்கு" என்றார். பழைய மெஷினைத் தொட்டால் விரலில் சுரீர் என்று பிடித்தது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டுக்குப் பின்னால் புதுக் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். மொத்தம் 6,500 ரூபாய். மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு வந்தது. இரண்டு லட்சத்துக்குப் பொருள் வாங்கிவிட்டு இதைச் செய்யாமல் விடுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

யூ.பி.எஸ்.ஸும் அப்படித்தான். கடைகளில் சாதாரணமாகக் கொடுக்கிற 600 வி.ஏ. ரகம் 360 வாட்தான் தாங்கும். சிமுலேட்டர் ஓடும்போது என் மெஷினும் மானிட்டரும் சேர்ந்து சுவரிலிருந்து 430 வாட் எடுக்கிறது, மீட்டர் போட்டுப் பார்த்தேன். 1000 வாட் தாங்கும், சுவர் கரண்ட் மாதிரியே சீரான அலையாகக் கொடுக்கும் சைன் வேவ் யூ.பி.எஸ். வாங்கினேன். பராமரிப்புக்காக மின்வாரியம் சொல்லிவிட்டு நிறுத்துகிற நாட்களில் தொல்லை இல்லை. சொல்லாமல் கண்ணிமைக்கிற நேரம் போய் வருகிற கரண்ட்தான் மெஷினைக் கொல்லும். பத்து மாதத்தில் அப்படி எத்தனையோ முறை, ஒரு தடவைகூட மெஷின் அசையவில்லை. இரண்டு மாத பில்லில் 60, 65 யூனிட் கூடியிருக்கிறது, தினம் இரண்டரை மணி நேரம் பறக்கிறேன்.

மானிட்டரை மட்டும் தள்ளிப் போட்டேன், அது நல்லதாகப் போயிற்று. 32 அங்குலத்துக்கு மேலான மானிட்டருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. தீபாவளிக்கு 34 அங்குல அகலத் திரை வாங்கினேன். அதில் 3440க்கு 1440 புள்ளி, பெரும்பாலும் ஹை செட்டிங், சென்னையில் இறங்கும்போதுகூட நொடிக்கு 50 ஃப்ரேமுக்குக் கீழே நான் பார்க்கவில்லை. அதைவிட முக்கியம், திக்குவது நின்றுவிட்டது. மே மாதக் கடைசியில், ராத்திரியிலும் அறை 35 டிகிரி இருந்தபோது ப்ராசசர் 78, கார்டு 72 டிகிரி. ஃபேன் சத்தம் அப்போது கூடத்தான் செய்யும், ஹெட்போன் மாட்டினால் தெரியாது. அறை சூடாவதை மட்டும் எந்தக் கூலராலும் தடுக்க முடியாது, கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் பனியன் நனைந்துவிடும். ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்த பிறகு பரவாயில்லை.

குறை என்றால் கார்டின் எடை. நீளமான மூன்று ஃபேன் கார்டு, ஒரு ஓரம் லேசாகத் தொங்குகிறது. முட்டுக் கொடுக்கிற தாங்கி ஒன்று 300 ரூபாய்க்கு வாங்கி வைத்தேன். வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. எர்த் குழி காய்ந்தால் மறுபடி வோல்ட் ஏறும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா துளசிக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தை அங்கே கொண்டுபோய் ஊற்றுகிறார். நேற்று மீட்டர் வைத்துப் பார்த்தேன், 1.2 வோல்ட்.