மாற்றிக்கொள்வதா, இங்கேயே பெருக்குவதா?

வண்டலூர் போன்ற ஒரு பூங்காவில் விலங்குகளைக் கூட்ட இரண்டு வழி. இருப்பதை ஜோடி சேர்த்துப் பெருக்கலாம். வேறு பூங்காவோடு மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வழியில் அலைச்சல் குறைவு. கூண்டில் ஏற்றி ரயிலிலோ லாரியிலோ அனுப்பும் படபடப்பு இல்லை. ஆனால் சில தலைமுறையிலேயே உறவுக்குள் உறவு. வெள்ளைப் புலியையே பாருங்கள்: இன்று கூண்டுகளில் இருப்பவை பெரும்பாலும் 1951இல் மத்தியப் பிரதேசத்தின் ரீவாவில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப் புலிக்குட்டியின் வழிவந்தவை. பிறவிக் குறைகள் பல அதனால்தான் தொடர்கின்றன. பார்க்கக் கூட்டம் கூடும், அது வேறு கதை.

பெருக்கம் ரொம்ப நன்றாக நடந்தாலும் சிக்கல். சென்னையை அடுத்து 1976இல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலைகள் எக்கச்சக்கமாகப் பெருகின. 1990களில் ஆற்றில் விடுவது நின்றுபோனதும் இடநெருக்கடி. கடைசியில் நூற்றுக்கணக்கானவை குஜராத்துக்குப் போயின.

பரிமாற்றத்துக்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் ஒப்புதல், மருத்துவப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் எல்லாம் உண்டு. மாதக்கணக்கில் இழுக்கும். ஆனாலும் புது ரத்தம் வருவது அந்த வழியில்தான்.

சிங்கவால் குரங்குக்கு வண்டலூர் ஒருங்கிணைப்புப் பூங்கா, அதாவது பல பூங்காக்களில் அந்த இனத்தின் பெருக்கத்தை ஒருங்கிணைப்பது. அந்தக் குரங்கைப் பொறுத்தவரை என் ஓட்டு, வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்துச் செய்யும் பரிமாற்றத்துக்கே. தானாகவே நிறையப் பெருகும் புள்ளிமானுக்கு இரண்டுமே வேண்டாம், ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தால் போதும்.