கஞ்சா வளர்ப்பு விண்ணப்ப உதவிச் சேவை: பணம் வீண்

கனடாவில் மருத்துவத் தேவைக்கு வீட்டில் கஞ்சா வளர்க்க ஹெல்த் கனடா என்ற மத்திய அரசின் சுகாதாரத் துறையில் பதிவு செய்ய வேண்டும். 2018 சட்டப்படி பெரும்பாலான மாகாணங்களில் வயது வந்த யாரும் இந்தப் பதிவு இல்லாமலே ஒரு வீட்டுக்கு 4 செடி வைக்கலாம். ஆனால் அப்பாவின் நரம்பு வலிக்கு அது போதாது. அவரால் குனிந்து வேலை செய்ய முடியாது என்பதால், அவருக்காக வளர்ப்பவராக என் பெயரைப் போட்டோம்.

படிவம் நிரப்பித் தருகிறோம் என்ற ஒரு தனியார் சேவையை நம்பினோம். டாக்டரின் மருத்துவ ஆவணத்தின் அசலைத்தான் அனுப்ப வேண்டும். இவர்கள் நகலை அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது. வலியோடு இருக்கும் மனிதரை இப்படிக் காக்க வைப்பது பெரிய கொடுமை. எனக்கான காவல்துறைச் சான்று தேவை என்பதையும் சொல்லவில்லை. வளர்ப்பவர்மீது கடந்த 10 ஆண்டுகளில் போதைப்பொருள் குற்றத் தண்டனை இல்லை என்று அது காட்ட வேண்டும்.

அப்புறம் நானே உட்கார்ந்து நிரப்பினேன். படிவம் தெளிவாகத்தான் இருக்கிறது, கட்டணமும் இல்லை. செடிக் கணக்கு டாக்டர் எழுதும் அளவைப் பொறுத்தது: வீட்டுக்குள் என்றால் நாளுக்கு 1 கிராமுக்கு 5 செடி, 2 கிராமுக்கு 10. விதையோ கன்றோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். மருத்துவ ஆவணம் அதிகபட்சம் ஓர் ஆண்டுதான் செல்லும், அதனால் புதுப்பிப்பை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.