சான்றிதழ் வழி உள்நுழைவு அமைப்பதாகச் சொல்லி 64,000 ரூபாய் வாங்கி ஏமாற்றினார்கள்: எல்லைப்பகுதி ஏலக்காய் வணிகர்கள் கவனத்துக்கு

கம்பம், போடி, குமுளி, வண்டன்மேடு வட்டாரத்தில் ஏலக்காய்க் கொள்முதல் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். எங்கள் சர்வருக்குள் மின்னணுச் சான்றிதழ் (கம்ப்யூட்டரில் பதித்துவைக்கும் அடையாளக் கோப்பு) உள்ள பணியாளர் மட்டுமே நுழையும்படி அமைத்துத் தருவதாகச் சொல்லி, மலைக்கு மேலே உள்ள ஒரு கணினிச் சேவைக் கடையினர் எங்களிடம் 64,000 ரூபாய் வாங்கினார்கள். அந்தப் பாதுகாப்பு ஒரு நாள்கூட இருந்ததில்லை என்பது நேற்றுத்தான் எங்களுக்குத் தெரிந்தது. என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டு, எப்படித் தப்பிப்பது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் கணக்கு முழுவதும் ஒரே சர்வரில் இருக்கிறது. எந்த விவசாயிக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறோம், எந்தத் தோட்டத்துக் காயை என்ன விலைக்கு எடுத்தோம், புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்துக்கு எதை அனுப்பப் போகிறோம் என்பதெல்லாம் அதில்தான் பதிவாகிறது. ஏலத்துக்கு முதல் நாள் இந்த விவரம் வேறொரு வியாபாரியின் கண்ணில் பட்டால் அந்தச் சரக்கில் எங்களுக்கு எதுவும் மிஞ்சாது. பணியாளர்கள் பாஸ்வேர்டை ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வதைப் பார்த்த பிறகுதான், ஆளுக்கொரு சான்றிதழ் என்ற முறைக்கு மாற முடிவு செய்தோம்.

கடையின் உரிமையாளரே எங்கள் ஸ்டோருக்கு வந்து அமர்ந்து, பொறுமையாக விளக்கினார். “அண்ணே, பாஸ்வேர்டை யார் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சான்றிதழ் இல்லாத கம்ப்யூட்டர் உங்கள் சர்வர் வாசலைக்கூடத் தொட முடியாது” என்றார். அமைத்து முடித்த அன்று எங்கள் கண் முன்னாலேயே பிரவுசரைத் திறந்து காட்டினார். சான்றிதழைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சிறு பெட்டி திரையில் வந்தது. எங்கள் கணக்கரின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் கணக்குப் பக்கம் திறந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எங்கள் எல்லோருக்கும் நிறைந்த நம்பிக்கை வந்தது. இனிப் பாஸ்வேர்டே தேவையில்லை என்று சொல்லி, பழைய பாஸ்வேர்ட் திரையையும் அவரே நீக்கினார். அமைப்புக்கூலி 40,000 ரூபாய், எட்டுப் பணியாளர்களுக்குத் தலா 3,000 ரூபாய் ‘அரசு அங்கீகாரச் சான்றிதழ்க் கட்டணம்’, ஆக 64,000 ரூபாய் என்று பில் கொடுத்தார். ஓராண்டுக்குச் செல்லும் என்று பில்லிலேயே எழுதியிருக்கிறது.

ஒரு மாதம் ஆனதும், அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வாரத்தில், எல்லாப் பணியாளர்களுக்கும் ஒரே நேரத்தில் ‘400 பேட் ரிக்வெஸ்ட்’ என்ற பிழைப் பக்கம் வந்தது. கடைக்கு அழைத்தபோது மலைப்பகுதியில் நெட் சரியில்லை என்றார்கள். மறுபடி அழைத்தபோது விண்டோஸ் அப்டேட் செய்ததால் வந்த கோளாறு என்றும், அதன் பிறகு சர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்கள். உரிமையாளர் எர்ணாகுளம் போயிருப்பதாக ஒரு பையன் சொன்னான். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பில்லைப் படித்ததற்கு அடையாளமாக நீல நிறக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. கடைசியில் அவரே பேசியபோது, புதுப்பிக்க இன்னும் 18,000 ரூபாய் ஆகும் என்றார். ஓராண்டு என்று எழுதிக் கொடுத்தவர், ஒரு மாதத்தில் புதுப்பிக்கப் பணம் கேட்கிறார்.

இதற்கிடையில் வண்டன்மேட்டுக் கணக்கப்பிள்ளை அவசரத்துக்குத் தம் மகளின் மொபைலில் அந்த முகவரியைத் தட்டிப் பார்த்திருக்கிறார். சான்றிதழ் எதுவும் இல்லாத அந்த மொபைலில் எங்கள் முன்பணக் கணக்கு முழுவதும் திறந்தது. சான்றிதழ் வைத்திருந்தவர்கள் வெளியே நிற்க, சான்றிதழே இல்லாதவர்கள் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்பதுதான் நாங்கள் 64,000 ரூபாய் கொடுத்து வாங்கிய நிலைமை.

சென்னையில் சர்வர் பராமரிப்பு வேலையில் இருக்கும் என் தங்கை மகன் இரவோடு இரவாகச் சர்வர் அமைப்பைத் திறந்து பார்த்தான். “மாமா, ‘ஆன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆப்ஷனல்’ என்று போட்டிருக்கிறார்” என்றான். எங்கள் சர்வரின் வாசலில் நின்று, வருபவரை உள்ளே விடும் என்ஜின்எக்ஸ் மென்பொருளில் ‘ஆப்ஷனல்’ என்று வைத்தால், சர்வர் சான்றிதழைக் கேட்கும், கொடுத்தால் சரிபார்க்கும், கொடுக்காதவரைத் தடுக்கத் தனியாக விதி எழுதாவிட்டால் அப்படியே உள்ளே விட்டுவிடும். அவர் விதி எதுவும் எழுதவில்லை. அன்று அந்தப் பெட்டியில் ‘ரத்து’ என்பதை அழுத்தியிருந்தாலும் அதே பக்கம்தான் திறந்திருக்கும்.

ஒரு மாதத்தில் எல்லாம் நின்றதற்குக் காரணம் வேறு. பணியாளர் சான்றிதழ்களுக்கு 365 நாள் கொடுத்தவர், அவற்றையெல்லாம் உண்மை என்று உறுதிசெய்ய மேலே உள்ள மூலச் சான்றிதழுக்கு நாள் கணக்கே குறிப்பிடவில்லை. குறிப்பிடாவிட்டால், சான்றிதழ் உருவாக்கும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல் 30 நாள்தான் தரும். மூலச் சான்றிதழ் காலாவதியானால் அதன் கீழ் உள்ள எதுவும் செல்லாது. அந்த ‘அரசு அங்கீகார’ச் சான்றிதழ்களை வழங்கியவர் யார் என்ற இடத்தில் அந்தக் கடையின் பெயரே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஜிஎஸ்டிக்கும் டெண்டருக்கும் யூஎஸ்பி டோக்கனில் தரும் கையொப்பச் சான்றிதழ் வேறு. நிறுவனத்துக்குள் நுழைவதற்குச் சொந்தமாகச் சான்றிதழ் உருவாக்கிக்கொள்வதில் தவறே இல்லை, ஆனால் அதற்கு அரசுக் கட்டணம் என்று ஒரு ரூபாயும் கிடையாது. இல்லாத கட்டணத்துக்குத்தான் 24,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் தருவது இதுதான்: மூலச் சான்றிதழின் ரகசியச் சாவிக் கோப்பு அவருடைய லேப்டாப்பில் இருக்கிறது. அது கையில் இருப்பவர் எங்கள் எந்தப் பணியாளரின் பெயரிலும் புதிய சான்றிதழ் உருவாக்கிக்கொள்ளலாம். கேட்டதற்கு, “அது எங்கள் கம்பெனி ரகசியம், தர முடியாது” என்கிறார். எட்டுப் பேரின் சான்றிதழ்க் கோப்புகளையும், அவற்றைத் திறக்கும் பாஸ்வேர்டையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தவரும் இவர்தான். வேலையை விட்டுப் போனவரின் சான்றிதழை ரத்து செய்ய வழியே வைக்கவில்லை. மருமகன் புதிய மூலச் சான்றிதழ் உருவாக்கி, எல்லாவற்றையும் மறுபடி வழங்கினான். மென்பொருளுக்குச் செலவு எதுவும் இல்லை. 64,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு வழக்கறிஞர் நோட்டீஸ் தயாராகிறது.

விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் சான்றிதழ் இல்லாத கருவியில் திறந்து பாருங்கள். உள்ளே போனால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மூலச் சாவியை உங்கள் இடத்தில் உருவாக்கச் சொல்லி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழின் காலாவதி நாளைத் தனியாகக் கேளுங்கள். ஒரு பணியாளரின் சான்றிதழை ரத்து செய்து, அதன் பிறகு அவரால் நுழைய முடியவில்லை என்பதை உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள். ‘அரசுக் கட்டணம்’ என்று பில்லில் இருந்தால் யாருக்குக் கட்டிய ரசீது என்று கேளுங்கள். ஏற்கெனவே இப்படி அமைத்திருப்பவர்கள் அடுத்த ஏலத்துக்கு முன் வீட்டில் இருக்கும் வேறொரு மொபைலில் உங்கள் சர்வர் முகவரியைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.