நாசாவோட தீ மேப், எஃப்எஸ்ஐ எஸ்எம்எஸ்: சில வருஷமா யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

போடி பக்கம் மலையடிவாரத்துல தோப்பு வச்சிருக்கவங்களுக்கு மாசி பங்குனி வந்துட்டா கண்ணு மலை மேலயேதான் இருக்கும். எங்களுது இலவந்தோப்பு, காய் வெடிச்சு பஞ்சு பறக்குறதும் காடு காய்ஞ்சு கெடக்குறதும் ஒரே சமயத்துல வரும், ஒரு பொறி வந்து விழுந்தா போதும். 2018 மார்ச் 11 குரங்கணி தீ எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 23 உசுரு போச்சு. அதுக்கப்புறம்தான் நான் இந்த மேப்பெல்லாம் பாக்க ஆரம்பிச்சேன்.

முக்கியமா யூஸ் பண்றது நாசாவோட ஃபிர்ம்ஸ், அதாவது சாட்டிலைட் கண்ணுல பட்ட தீய மேப்புல காட்டுற வெப்சைட். ஃப்ரீ, மேப் பாக்க லாகின் கூட வேணாம், தேனிக்கு ஜூம் பண்ணி கடைசி 24 மணி நேரம்னு வச்சா செவப்புப் புள்ளியா காட்டும். புதுசா பாக்குறவங்க எல்லாம் இத லைவ்னு நெனச்சிக்கிறாங்க, நம்ம ஊருக்கு அப்படிக் கெடையாது. இதுல நல்லா வேலை பாக்குறது வீர்ஸ்ங்கற கருவி, அது சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21ன்னு சாட்டிலைட்டுகள்ல இருக்கு, எல்லாமே நமக்கு மேல மதியம் ஒண்ணரை ரெண்டு மணி வாக்குலயும் ராத்திரி அதே நேரத்துலயும்தான் தாண்டும், எடுத்தது மேப்புக்கு வர இன்னொரு 3 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். அப்ப சாயங்காலம் நாலு மணிக்கு எவனோ புல்லுல தீ வச்சிட்டு எறங்கிட்டான்னா அது வீர்ஸ் கண்ணுல படுறதே நடுராத்திரிக்கு மேலதான், நாம மேப்புல பாக்குறப்ப விடிஞ்சிரும். நடுவுல மோடிஸ்னு பழைய கருவி ஒரு தடவை தாண்டும், ஆனா அது தரையப் பாக்குற ஒரு கட்டமே 1 கிலோமீட்டர், சின்ன தீய விட்டுரும்.

இன்னொண்ணு டைம். புள்ளியத் தொட்டா வர்ற நேரம் யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல இருக்கும், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். 20:15ன்னு இருந்தா அது நமக்கு ராத்திரி 1:45. இது தெரியாம "நேத்து ராத்திரி எட்டேகாலுக்கு எரிஞ்சிருக்கு"ன்னு வாட்ஸாப் குரூப்புல ஸ்கிரீன்ஷாட் போட்டு ஊரையே கலக்குறவங்க இருக்காங்க.

அந்தப் புள்ளி விழுந்த எடத்துலயே தீ இருக்கும்னும் சொல்ல முடியாது. வீர்ஸ்ல ஒரு புள்ளின்னா 375 மீட்டர் கட்டத்தோட நடு, கிட்டத்தட்ட 35 ஏக்கர், அதுக்குள்ள எங்க வேணா எரியலாம். அதனால தோப்பு மேலயே புள்ளி விழுந்திருச்சேன்னு ஓடவும் வேணாம், பக்கத்துலதான விழுந்திருக்குன்னு படுத்துத் தூங்கவும் வேணாம். மேகம் மூடுனா தெரியாது. அடர்ந்த மரத்துக்கு அடியில சருகு மட்டும் எரிஞ்சாலும் பல நேரம் தெரியாது. செங்கல் சூளை, கரும்புச் சோகை கொளுத்துறது இதுக்கெல்லாமும் புள்ளி விழும். ஒரே எடத்துல வாரக்கணக்கா விழுந்துட்டே இருந்தா அது பெரும்பாலும் சூளைதான்.

ஒரு தடவ விடியக்காலைல மேப்பப் பாத்துட்டு வனத்துறை வாட்சர் ஒருத்தருக்குப் போன் போட்டேன். "அண்ணே, மேல முகட்டுக்குப் பக்கத்துல நாலஞ்சு புள்ளி காட்டுது." "நாங்க ராத்திரியே வந்துட்டோம் தம்பி, பச்சக் கொப்ப ஒடிச்சு அடிச்சிட்டு இருக்கோம், காத்து மாறுனா எதிர்த்தீ (வர்ற தீக்கு முன்னாடி நாமளே எரிச்சு விடுறது) வைக்கணும், உங்க பக்கம் சருகக் கூட்டி வைங்க"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. கீழ இருந்து பொகையப் பாத்த யாரோ சாயங்காலமே சொல்லிட்டாங்களாம். நம்ம கண்ணுக்குத் தெரியிற சரிவுக்கு இந்த மேப் லேட்டு, அதுல சந்தேகமே இல்ல.

அப்புறம் எதுக்கு வச்சிருக்கேன்னா, முகட்டுக்கு அந்தாண்ட இடுக்கி பக்கம் எரிஞ்சா நமக்குப் பொகை கூடத் தெரியாது, அத இதுல பாக்கலாம். அத விட பெரிய விஷயம் பழைய டேட்டா. வீர்ஸ் 2012ல இருந்து இருக்கு, மோடிஸ் 2000ல இருந்தே. நம்ம ஏரியாவ வருஷா வருஷம் போட்டுப் பாத்தேன், திரும்பத் திரும்ப அதே சரிவு, அதுவும் ஆள் நடக்குற பாதை, மேய்ச்சல் போற தடம் இத ஒட்டித்தான் புள்ளி. இடி விழுந்து பத்துறது இங்க அபூர்வம், புதுப்புல்லு வரட்டும்னு வைக்கிறது, தேன் எடுக்கப் போனவங்க பந்தத்த அணைக்காம விடுறது, பீடித்துண்டு, இப்படி எல்லாம் ஆள் கையால வர்றதுதான். தீ மேட்டப் பாத்துத்தான் வேகமா ஏறும், அதனால நமக்கு மேல எரியிறத விட தோப்போட கீழ் ஓரத்துல பாதைய ஒட்டி வைக்கிற தீதான் மோசம். இதெல்லாம் பாத்துட்டு தை மாசமே அந்தப் பக்கம் புல்லச் செதுக்கி, சருகக் கூட்டி, மண்ணு தெரியிற மாதிரி தீத்தடுப்புக் கோடு போட்டுர்றோம். முன்னாடி மேல் பக்கம் மட்டும்தான் போடுவோம். பங்குனில போய் செதுக்குனா பாதி வேலைலயே தீ வந்துரும்.

எஃப்எஸ்ஐ, அதான் டேராடூன்ல இருக்க இந்திய வன அளவை நிறுவனம், அவங்க எஸ்எம்எஸ் அலர்ட்டும் வச்சிருக்கேன். நம்பரப் பதிஞ்சு ஏரியாவ செலக்ட் பண்ணா போதும், ஃபாரஸ்ட்காரங்களுக்கு மட்டும்னு இல்ல, பொதுமக்களும் பண்ணலாம். இதுவும் அதே சாட்டிலைட் டேட்டாதான், அதனால வேகத்துல பெரிய வித்தியாசம் எதிர்பாக்காதீங்க. ஆனா காட்டு எல்லைய வச்சு வடிகட்டி அனுப்புறதால சூளை, கரும்புக்காடு தொல்லை கம்மி.

ரெண்டுல ஒண்ணுதான்னா மலையடிவாரத்துல இருக்கவங்க எஸ்எம்எஸ்ஸ வச்சிக்கோங்க. ஃபிர்ம்ஸ் மேப் போன்ல லோடாக நேரம் எடுக்கும், எங்க தோப்புல டவர் ஒரு கோடு நின்னாலே அதிசயம். ஃபிர்ம்ஸ்ல ஏரியா குறிச்சு ஈமெயில் அலர்ட் வாங்கலாம், ஆனா காட்டுல நிக்கிறப்ப யாரு மெயில் பாக்குறா. நான் ஃபிர்ம்ஸ வீட்டுல கம்ப்யூட்டர்ல, மார்கழி கடைசில கோடு எங்க போடணும்னு பாக்குறதுக்குத்தான் தொறக்குறேன்.