கடல்நீரா, சுண்ணாம்புத் தெளிநீரா, இரட்டைக் கரைசலா?

உச்சிப்புளியில் குடியிருப்பதில் ஒரு வசதி: வடக்கே போனால் பாக் விரிகுடா, தெற்கே போனால் மன்னார் வளைகுடா. பெண் கடல், ஆண் கடல் என்போம். என் 100 லிட்டர் உப்புநீர்த் தொட்டிக்கு இப்போது ஐந்து மாதம். உள்ளே செயற்கைக் கற்கள், சில நத்தைகள், மூன்று மென்பவளங்கள், இரண்டு மீன்கள். சுண்ணாம்புக் கூடு கட்டும் கல்பவளம் கிடையாது, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதை, செத்துக் கரை ஒதுங்கியதானாலும், எடுத்துவரக் கூடாது. இருந்தும் காரத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள கார்பனேட்டுகளின் அளவு, மெல்ல இறங்கியது. கற்களில் இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணாம்புப் பாசிக்கும் அது தீனிதான். செலவானதை ஈடுகட்ட மூன்று வழி: புதுக் கடல்நீர், சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர், கால்சியத்துக்கும் காரத்தன்மைக்கும் தனித்தனியான இரட்டைக் கரைசல்.

கால்சியத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. கால்சியம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) செலவாகும்போது காரத்தன்மை 2.8 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) செலவாகிறது. 420 என்பது 400 ஆனால் யார் கண்ணுக்கும் படாது. 8 என்பது 5.2 ஆனால் தொட்டி தள்ளாடும். ஆகவே முதலில் காரத்தன்மைச் சோதனை. என் சோதனைக் குப்பியில் ஏழாவது சொட்டில் நீலம் கலைந்து மஞ்சளானால் 7 டிகேஎச்.

கடல்நீர் மாற்றுவதுதான் மலிவு. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றின் காலத்தில் வளைகுடா கொந்தளித்தால் வடக்குக் கரையிலும், வாடைக் காலத்தில் தெற்குக் கரையிலும் மொண்டுகொள்ளலாம். வடிகட்டி, இருட்டில் மூடி, காற்றுக் குழாய் போட்டுச் சில நாள் வைப்பேன். ஆனால் அதன் பலம் சிறிது. தொட்டியில் 6 இருக்கும்போது 8 உள்ள நீரைப் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் ஏறுவது வெறும் 0.2. கீழே போவதைத் தடுக்க உதவும். போனதை மீட்க உதவாது.

சுண்ணாம்புத் தெளிநீர் எனக்குப் பிடித்தது. கால்சியத்தையும் காரத்தன்மையையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் தருகிறது. ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சொட்டவிட வேண்டும். மின்விசிறி ஓடும் என் தொட்டியில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகிறது, நம் வெயிலுக்கு நன்றி. ஒரு லிட்டர் நீரில் சுமார் ஒன்றரை கிராம் சுண்ணாம்புதான் கரையும். அந்த ஒரு லிட்டர் என் தொட்டியில் 1.1 டிகேஎச் ஏற்றும். இளம் தொட்டிக்கு அது மிக அதிகம், எனவே கால் பங்குக்கும் குறைவான செறிவு போதும். அப்பத்தா தன் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்ளச் சொன்னார். பொருள் ஒன்றுதான், சுத்தம் தெரியாததால் மறுத்தேன். ஆனால் அவருடைய சுண்ணாம்புச் செப்பில் நீர்மேல் படியும் மெல்லிய ஆடை என் குடுவையிலும் வந்தது: காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு உறைந்த சுண்ணாம்பு அது. மூடி போடாவிட்டால் வீரியம் போய்விடும்.

இதில் அபாயமும் உண்டு. செறிவான தெளிநீரின் பிஎச் (அமில-கார அளவு) 12க்கு மேல். ஒரு ராத்திரி சொட்டுக் குழாயின் திருகைச் சரியாக இறுக்காமல் தூங்கிவிட்டேன். காலையில் தொட்டி அரிசி களைந்த நீர்போல் வெளுத்திருந்தது. மீன்கள் பிழைத்தன. ஆனால் பம்பின் அச்சில் ஒட்டிய வெள்ளைப் பொருக்கை வினிகரில் ஊறவைத்துச் சுரண்ட ஒரு ஞாயிறு போனது. இரவில் பிஎச் இறங்குவதால் அப்போது சொட்டவிடுவதே முறை. திருகு மட்டும் கண்முன் இருக்க வேண்டும்.

இரட்டைக் கரைசலில் தனித்தனியே திருத்தலாம். காரத்தன்மைக்குச் சமையல் சோடா: 100 லிட்டருக்கு 3 கிராம், 1 டிகேஎச். கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு: 7 கிராமுக்குச் சுமார் 20 பிபிஎம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றினால் வெண்பொடியாக உறைந்து பயனற்றுப் போகும். நாளடைவில் உப்புச் செறிவும் ஏறும். நம் கரையில் இன்னொரு தொல்லை: கால்சியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சும். உப்புக் காற்றில் மூடி சற்று நெகிழ்ந்த என் டப்பா இரண்டே வாரத்தில் கூழாகிவிட்டது. எடை பார்த்துப் போடுவது எப்படி? காரத்தன்மை மட்டும் தனியாக விழுந்த ஒரே முறை சோடாவைத் தொட்டேன், அதுவும் நாளுக்கு 1 டிகேஎச்சுக்குள். சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துத் தரும் கால்சியம் ரியாக்டர் தொட்டியின் இவ்வயதில் வீண் செலவு.

என் வரிசை இதுதான்: வாரம் ஒரு வாளி கடல்நீர், நான்காம் மாதத்திலிருந்து இரவில் நீர்த்த தெளிநீர், சோடா அலமாரியில். ஐப்பசி அடைமழையில் வாளி தோற்கும். கரையோரத்தில் உப்பு ஆயிரத்தில் 35 பங்கிலிருந்து 30க்கு இறங்கினால் கால்சியமும் 410லிருந்து 350க்கு இறங்கும். சென்ற வாரம் உப்பளக்கும் ரெஃப்ராக்டோமீட்டர் 31 காட்டியது. மொண்டதைக் கடலிலேயே கவிழ்த்துவிட்டு வந்து, வீட்டில் கடல்நீர் தயாரிக்கும் உப்புப் பொடியைக் கரைத்தேன்.