மாமூத்தை முடித்தது ஈட்டியா, வெயிலா?

மாமூத் (ரோமம் அடர்ந்த பனியுக யானையினம்) போன்ற பெருவிலங்குகளை அழித்தது மனித வேட்டையா, பருவநிலை மாற்றமா? இரண்டில் எதை நம்புவது என்று குழம்புபவர்களுக்கு:

காலம்
பருவநிலை: பனியுகம் சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. சரி, ஆனால் அதற்கு முந்தைய வெப்பக் காலங்களை மாமூத்துகள் தாண்டியிருக்கின்றனவே!
மனிதன்: அமெரிக்கக் கண்டங்களில் இந்த முறைதான் ஈட்டியோடு ஆள் இருந்தான்.

இடம்
மனிதன்: ராட்சத ஸ்லாத்துகள் (மெதுவாக நகரும் ஸ்லாத் விலங்கின் அழிந்துபோன பெரிய உறவினங்கள்) அமெரிக்க நிலப்பரப்பில் முதலில் போயின. மனிதர் தாமதமாகக் கால்வைத்த கியூபாவில் அவற்றின் உறவினங்கள் பல ஆயிரம் ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. எனக்கு இதுதான் பலமான வாதம்.
பருவநிலை: அலாஸ்காவின் செயின்ட் பால் தீவில் மனித வாடையே இல்லை. கடல் ஏறித் தீவு சுருங்க, நன்னீர் ஏரி வற்ற, சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் மாமூத்துகள் தாகத்தில் மாண்டன. பாவம்.

தடயம்
மனிதன்: வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த மாஸ்டோடனின் (மாமூத்தைப் போன்ற, அழிந்துபோன யானை உறவினம்) விலா எலும்பில், எலும்பால் செய்த ஈட்டிமுனை இன்னும் குத்தி நிற்கிறது.

கியூபாவுக்கு மனிதன், செயின்ட் பாலுக்குப் பருவநிலை. சைபீரிய மாமூத்துக்கு இரண்டும் சேர்ந்தே பொருந்தும்.