பூட்டிய வானமா, முறை வைத்த வானமா?

ராணுவமும் பயணிகள் விமானமும் ஒரே வானத்தைப் பகிர்ந்துகொள்ள மூன்று வழி உண்டு: அடியோடு மூடிவிடுவது, நேரம் பிரித்துக் கொடுப்பது, இருவரையும் ஒன்றாக விட்டு இடைவெளி காப்பது. நம் நெல்லைச் சீமைக்கு எது பொருந்தும்?

விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் தளம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் அதன் கம்பங்கள் சுமார் 470 மீட்டர் உயரம், அதாவது 1,500 அடிக்கும் மேல். அவை எங்கும் நகரப் போவதில்லை. கூடங்குளம் அணுமின் நிலையமும் அப்படித்தான். இங்கெல்லாம் பூட்டுதான் சரி.

பயிற்சிக்கென்று ஒதுக்கிய வான்பரப்பு அப்படியல்ல. போர் விமானம் தரையில் நிற்கும்போதும் அதைப் பூட்டியே வைத்தால், மற்ற விமானங்கள் சுற்றிக்கொண்டு போகும். நாட்டின் வான்வெளியில் 60 சதவீதம்தான் தடையின்றிக் கிடைக்கிறது, தளர்த்தினால் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய் மிச்சம் என்று 2020 மே மாதம் மத்திய அரசே சொன்னது. பணத்தைவிட எனக்குக் கவலை, மிச்சமிருக்கும் வழியில் சேரும் நெரிசல். 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டார்கள். கசகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன 15,000 அடிக்குக் கீழே இறங்கியதே நேரடிக் காரணம். ஆனால் டெல்லி வான்வெளியின் பெரும்பகுதி விமானப்படை வசம் இருந்ததால், வருகிறவர்களும் போகிறவர்களும் ஒரே பாதையில் எதிரெதிரே பறந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

நேரம் பிரிப்பது தாமிரபரணிக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல. யாருக்கு எப்போது என்று முன்கூட்டியே பேசி, முந்தைய நாள் உறுதி செய்து, அன்றைக்குக் கடைசி நிமிடத்திலும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். ஆபத்து, வானம் கைமாறும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. கடைசி போர் விமானம் வெளியேறிவிட்டது என்பதை ரேடாரிலும் பார்த்து, தொலைபேசியிலும் கேட்டபிறகே கதவைத் திறக்கலாம்.

மூன்றாவது வழியில் ரேடார் இடைவெளி, அதாவது பொதுவாகப் பக்கவாட்டில் 5 கடல் மைல் அல்லது உயரத்தில் 1,000 அடி, கறாராகக் காக்கப்பட்டால் எனக்கு மறுப்பில்லை. கண்ணால் பார்த்து விலகிக்கொள்வதை மட்டும் ஏற்கவே முடியாது. 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டர் அந்தப் பொறுப்பைத்தான் கேட்டு வாங்கியது. பயணிகள் விமானத்தோடு மோதி 67 உயிர்கள் போயின.

ஆகவே என் தேர்வு முறை வைப்பதுதான், ஒரு நிபந்தனையோடு: இரு தரப்புக் கட்டுப்பாட்டாளர்களும் ஒரே அறையில், ஒரே திரையைப் பார்த்து உட்கார வேண்டும். ஜெர்மனியில் 1990களிலிருந்தே ராணுவ, பயணிகள் போக்குவரத்தை ஒரே அமைப்பு கவனிக்கிறது. குலசேகரப்பட்டினத்து இஸ்ரோ ஏவுதளத்தில் ராக்கெட் ஏறத் தொடங்கினால், வாகைக்குளத்துக்கு, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்துக்கு வரும் விமானங்களுக்கும் வானம் அவ்வப்போது மூடும். முதல் ராக்கெட்டுக்கு முன்பே அந்த அறையில் இஸ்ரோவுக்கும் ஒரு நாற்காலி போட்டாக வேண்டும்.